லிஃப்தா: ஜெருசலேமின் வாயிலில் ஆளில்லாமல் ஆக்கப்பட்ட ஊர்

ஞாயிறு

டெல் அவீவிலிருந்து ஏறிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஜெருசலேமுக்குள் நுழையும் இடத்தில், இடப்பக்கச் சரிவில் பாழடைந்த கல்வீடுகள் சில நொடிகள் கண்ணில் பட்டு மறைகின்றன. விமான நிலையத்திலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இவ்வழியாகத்தான் வருகின்றன. புனிதப் பயணமாக வரும் நம் ஊர்க் கிறிஸ்தவக் குழுக்களின் பேருந்துகளும் அப்படியே. புனித நகரம் வந்துவிட்டது என்று வழிகாட்டி ஒலிவாங்கியை எடுத்துப் பேசத் தொடங்கும் நேரம் அது. அதனால் அந்த வீடுகள் யாருடையவை என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அந்த ஊரின் பெயர் லிஃப்தா. 1948இல் பாலஸ்தீனத்தில் மக்கள் வெளியேற்றப்பட்டும் விரட்டப்பட்டும் வெறுமையான ஊர்கள் நானூறுக்கும் மேல். அவற்றில் மிகப் பல இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. சிலவற்றில் வேறு மக்கள் குடியேறினார்கள். இடிக்கப்படாமலும் மறுபடி நிலையாகக் குடியேறப்படாமலும் வீடுகள் அப்படியே நிற்கும் ஊர் என்ற வகையில் லிஃப்தா அரியது. அதன் வரலாற்றை நடந்து பார்த்து எழுதவே வந்திருக்கிறேன்.

இன்று பள்ளத்தாக்கில் இறங்கவில்லை. மேலே, இப்போது நகரமாகிவிட்ட பகுதியை மட்டும் சுற்றினேன். லிஃப்தா என்றால் கீழே தெரியும் வீடுகள் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. பிரித்தானிய ஆட்சியின் இறுதியில் அந்த ஊருக்கு 8,743 டுனம், அதாவது ஏறத்தாழ 2,160 ஏக்கர் நிலம் இருந்தது. மத்தியப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ரொமேமா பகுதியும், அதற்குத் தெற்கே ஷேக் பத்ர் என்ற குடியிருப்பும் அந்த எல்லைக்குள் இருந்தவை. ரொமேமாவின் ஒரு பகுதி நிலத்தை 1920களில் லிஃப்தாக்காரர்களிடமிருந்து யூதர்கள் முறைப்படி விலைக்கு வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா நிலமும் ஒரே வழியில் கைமாறவில்லை.

ரொமேமாவில் ஒரு சிறு சதுக்கத்தின் நடுவே கல்தூண் ஒன்று நிற்கிறது. 1917 டிசம்பர் 9 அன்று ஜெருசலேமின் மேயர் ஹுசைன் சலீம் அல் ஹுசைனி வெள்ளைக் கொடியோடு வந்து நகரை ஒப்படைத்ததன் நினைவாக ஆங்கிலேயர் எழுப்பிய தூண் அது. அவர் முதலில் எதிர்கொண்டது தளபதிகளை அல்ல. லண்டன் படைப்பிரிவைச் சேர்ந்த செட்ஜ்விக், ஹர்கோம்ப் என்ற இரண்டு சார்ஜென்ட்டுகளை. நானூறு ஆண்டு ஒட்டோமான் ஆட்சி முடிந்த அந்தக் காலை, லிஃப்தாவின் விளைநிலங்களின் விளிம்பில் விடிந்தது.

திங்கள்

யாஃபா சாலையின் மேற்குக் கோடியில், நெடுஞ்சாலைச் சந்திப்பைக் கடந்து, ஒரு பாதை கீழே இறங்குகிறது. வாகன இரைச்சல் பத்து நிமிடத்தில் மங்கிவிடுகிறது. வாதுமை மரங்கள் பூத்திருக்கும் பருவம் இது; இலை விடுவதற்கு முன்பே கிளை முழுவதும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. வரப்புகளில் சப்பாத்திக்கள்ளி புதராக மண்டியிருக்கிறது. இந்நாட்டுச் சிற்றூர்களில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேலியாக வைத்த செடி அது. ஒரு பாலஸ்தீன ஊர் இடிக்கப்பட்டு மண்ணோடு மண்ணான பின்னும் அது இருந்த இடத்தைக் கள்ளிப் புதர் காட்டிக்கொடுக்கும் என்று முன்பு படித்திருந்தேன். இங்கே வீடுகளும் நிற்கின்றன.

ஊரின் நடுவே சுனை. பாறையைக் குடைந்த சிறு சுரங்கத்திலிருந்து நீர் வந்து ஒரு கற்தொட்டியில் நிறைகிறது. யோசுவாவின் புத்தகம் யூதா கோத்திரத்தின் எல்லையைச் சொல்லும்போது குறிப்பிடும் ‘நெப்தோவாவின் நீரூற்று’ இதுதான் என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள். உரோமர், பைசாந்தியர், சிலுவைப் போர்க்காரர் எனப் பலரும் இவ்வூரைத் தத்தம் வாய்க்கு ஏற்பத் திரித்து அழைத்தார்கள். 1596ஆம் ஆண்டின் ஒட்டோமான் வரிப் பதிவேட்டில் 72 குடும்பங்கள் கொண்ட ஊராக இது பதிவாகியிருக்கிறது; கோதுமை, வாற்கோதுமை, ஒலிவம், திராட்சை ஆகியவற்றுக்கு வரி செலுத்தியிருக்கிறார்கள். 1834இல் எகிப்தியத் தளபதி இப்ராஹிம் பாஷாவை எதிர்த்து எழுந்த குடியானவர் கிளர்ச்சியின்போது இங்கே ஒரு சண்டை நடந்தது. 1931 குடிக்கணக்கின்படி, அருகிலிருந்த ஷ்னெல்லர் பகுதியையும் சேர்த்து, 1,893 பேர், 410 வீடுகள். இவ்வளவு நீண்ட தொடர்ச்சியை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே 1948க்கு வருவது எனக்கு எளிதாக இல்லை.

இன்று தொட்டியில் கறுப்புக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிய ஹரேதி (கடும் மரபுவழி யூத) இளைஞர்கள் சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். சடங்கு நீராட்டாகவும் விளையாட்டாகவும் அவர்கள் இங்கு வருவது வழக்கம். என்னை அன்போடு அழைத்து நீரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்; சில்லென்றிருந்தது. இந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். ‘பழைய காலத்தவர்’ என்றான் ஒருவன். அதில் தீய எண்ணம் ஏதும் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சுனைக்கு மேலே ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெகுநேரம் இருந்தேன். சுவர் முக்கால் மீட்டருக்குக் குறையாத கனம். கீழ்த்தளம் கால்நடைக்கும் தானியத்துக்கும். சுவரில் இரும்பு வளையம் ஒன்று இன்னும் பதிந்திருக்கிறது. வெளிப்படிக்கட்டு ஏறினால் மேல்தளத்தில் மனிதர் வாழ்ந்த கூடம். நான்கு மூலைகளிலிருந்தும் எழும் கல்வளைவுகள் நடுவில் கூடிக் கூரையாகின்றன. மரமோ தூணோ இல்லை. படுக்கைகளைச் சுருட்டி வைக்க சுவரிலேயே ஆழமான மாடம். தரையில் பூவேலை செய்த சிமென்ட் ஓடுகள் ஒரு மூலையில் மட்டும் எஞ்சியுள்ளன. சிவப்பும் சாம்பலும் கலந்த எட்டிதழ்ப் பூ. மற்ற இடங்களில் பெயர்த்தெடுத்த தடம். கூரையின் நட்டநடுவில், வளைவுகள் கூடும் இடத்தில், ஓர் ஆள் நுழையக்கூடிய துளை.

அந்தத் துளை முதுமையால் வந்ததில்லை. 1948க்குப் பின் யெமனிலிருந்தும் குர்திஸ்தானிலிருந்தும் வந்த ஏழை யூதக் குடும்பங்களை இஸ்ரேல் அரசு இந்த வீடுகளில் தங்கவைத்தது. மின்சாரமும் குழாய் நீரும் சாலையும் இல்லாத நிலையில் அவர்கள் வாழ்ந்தார்கள். 1970களின் தொடக்கத்துக்குள் பெரும்பாலோர் வேறிடம் சென்றதும், யாரும் திரும்பக் குடிபுகாதபடி கூரைகளில் துளையிடப்பட்டன. கல்வளைவுக் கூரையின் வலிமை அதன் நடுவில் இருக்கிறது. அங்கே உடைத்தால் மழை உள்ளே இறங்கும், சுண்ணாம்பு கரையும், வீடு தானே மெல்ல விழும். லிஃப்தாவைப் பார்த்து ‘காலம் தின்ற ஊர்’ என்று எழுதுகிறவர்கள் அண்ணாந்து அந்தத் துளைகளைப் பார்க்க வேண்டும். மேல்விளிம்பில் எஞ்சியிருந்த கடைசி யூதக் குடும்பங்களும் நீண்ட வழக்குக்குப் பின் 2017இல் இழப்பீடு பெற்று வெளியேறின. அந்தக் குடும்பங்களும் இந்த ஊரின் வரலாற்றில் சேர்ந்தவர்களே.

ஊர் எப்படி வெறுமையானது? 1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்க ஐக்கிய நாடுகள் சபை வாக்களித்ததும் உள்நாட்டுப் போர் மூண்டது. கடற்கரையிலிருந்து ஜெருசலேமின் யூதர்களுக்கு உணவும் ஆயுதமும் வரும் ஒரே முக்கியச் சாலை லிஃப்தாவின் விளிம்பில் நுழைந்தது. அரபுப் படைகள் அச்சாலையில் வண்டித் தொடர்களைத் தாக்கின. யூதப் படைகள் சாலையோர அரபுக் குடியிருப்புகளை அகற்ற முனைந்தன. டிசம்பர் 28 அன்று மேல் லிஃப்தாவில் ஒரு காப்பிக் கடைக்குள் யூத ஆயுதக் குழுவினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ஜனவரியில் சில வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் அனுப்பினார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். பிப்ரவரி 7 அன்று, பின்னாளில் இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியன் தம் கட்சிக் கூட்டத்தில் பேசுகையில், லிஃப்தா, ரொமேமா வழியாக நகருக்குள் நுழைந்தால் அந்நியர் எவரும் இல்லை, நூற்றுக்கு நூறு யூதர்களே என்று மனநிறைவோடு குறிப்பிட்டார். இஸ்ரேல் என்ற அரசு அறிவிக்கப்பட அப்போது மூன்று மாதத்துக்கும் மேல் இருந்தது. அரபு நாடுகளின் படைகள் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை. அரபுப் படைகள் உள்ளே வந்ததால்தான் இம்மக்கள் ஓடினார்கள் என்ற விளக்கம் லிஃப்தாவுக்குப் பொருந்தவே பொருந்தாது.

செவ்வாய்

இன்று கிழக்கு ஜெருசலேமில், லிஃப்தாவில் பிறந்த ஒரு முதியவரின் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டேன். ஊரை விட்டு வந்தபோது அவர் சிறுவர். பிறந்த வீட்டுக்கும் இப்போதைய வீட்டுக்கும் இடையே காரில் சென்றால் கால்மணி நேரம் போதும். அவர் எதையும் உரக்கச் சொல்லவில்லை. ஊரில் விளைந்த காய்கறியும் ஒலிவ எண்ணெயும் நகரச் சந்தைக்குப் போனதை, மலையில் வெட்டிய கல் நகரத்து வீடுகளுக்குப் போனதை, 1945இல் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் திறந்தபோது ஊரே கூடியதாகத் தன் அக்கா சொன்னதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்.

பிறகு அவருடைய மருமகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து பிரித்தார். முதியவருடைய தாயாரின் திருமண ஆடை. அலெப்போவில் நெய்து வந்த ‘கபானி’ என்ற பருத்தித் துணியின் மேல் பொன்னிறப் பட்டுநூலால் கொடியும் பூவும் நெருக்கமாக ஓடுகின்றன. பக்கங்களிலும் கைகளிலும் மார்பிலும் வண்ணப் பட்டுத் துண்டுகள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கைப்பகுதி மற்ற ஊர் ஆடைகளைவிட ஒடுங்கியிருந்தது. அது லிஃப்தாவின் பாணி. பட்டுநூல் அக்குளில் மட்டும் கருத்திருந்தது. இந்தச் செலவு செய்யக்கூடிய ஊராக லிஃப்தா இருந்தது என்பதை எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் அந்த ஆடை தெளிவாகச் சொன்னது.

அவர் ஏன் திரும்பிப் போக முடியவில்லை என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1950இல் இஸ்ரேல் இயற்றிய ‘வராதோர் சொத்துச் சட்டம்’, 1947 நவம்பர் 29க்குப் பின் எதிரி நாடுகளிலோ, எதிர்ப்படைகள் வசமிருந்த பாலஸ்தீனப் பகுதிகளிலோ இருந்தவரின் சொத்தை அரசின் பாதுகாவலரிடம் ஒப்படைத்தது. அவரிடமிருந்து அது அரசின் நில அமைப்புக்குச் சென்றது. 1967இல் இஸ்ரேல் கிழக்கு ஜெருசலேமைக் கைப்பற்றித் தன் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததும், இந்த முதியவர் ஜெருசலேமின் அடையாள அட்டை பெற்ற குடியிருப்பாளர் ஆனார். நகராட்சிக்கு வரி கட்டுகிறார். ஆனால் அதே நகரின் மேற்கிலுள்ள தன் தந்தையின் வீட்டைப் பொறுத்தவரை அவர் இன்றும் ‘வராதவர்’. 1970இல் வந்த மற்றொரு சட்டம், 1948இல் கிழக்கு ஜெருசலேமில் யூதர்கள் இழந்த சொத்துகளை அவர்கள் மீட்டெடுக்க வழி செய்தது. மேற்கில் இழந்த பாலஸ்தீனருக்கு அப்படியொரு வழி இல்லை. 1973இல் இழப்பீட்டுக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. பெரும்பாலானோர் அதை வாங்கவில்லை, வாங்கினால் உரிமையை விற்றதாகிவிடும் என்பதால்.

இரு தரப்பும் 1948இல் வீடிழந்தது உண்மை. ஒரே நகரில், ஒரே ஆண்டில் நேர்ந்த இழப்பை ஒரு தரப்பார் திரும்பக் கேட்கலாம், மறு தரப்பார் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை நியாயம் என்று எண்ண என்னால் முடியவில்லை.

புதன்

காலையில் மேற்கு ஜெருசலேமின் கிவாத் ஷாவுல் பகுதி. இதன் ஓரத்தில்தான் டெய்ர் யாசீன் என்ற ஊர் இருந்தது. லிஃப்தாவிலிருந்து நடந்தே போகலாம். அண்டையிலிருந்த யூதக் குடியிருப்போடு சண்டையில்லா உடன்பாடு செய்துகொண்ட ஊர் அது. 1948 ஏப்ரல் 9 அன்று இர்குன், லேஹி என்ற யூத ஆயுதக் குழுக்கள் அதைத் தாக்கி நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. பெண்களும் குழந்தைகளும் அவர்களில் பலர். நான்கு நாள் கழித்து ஸ்கோபஸ் மலையிலுள்ள ஹடாசா மருத்துவமனைக்குச் சென்ற வண்டித் தொடரை அரபுப் படையினர் தாக்கியதில் 78 பேர் இறந்தார்கள்; மருத்துவர்களும் செவிலியரும் அவர்களில் அடங்குவர். டெய்ர் யாசீன் செய்தி பரவிய வேகம்தான் மற்ற பல ஊர்களை விட்டு மக்கள் ஓடியதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. எஞ்சிய கல்வீடுகள் 1951 முதல் ஒரு மனநல மருத்துவமனையின் வேலிக்குள் இருக்கின்றன. வாயிலில் நினைவுப் பலகை எதையும் நான் காணவில்லை.

பிற்பகலில் ஐன் கரீம். திருமுழுக்கு யோவான் பிறந்த ஊர் என்பது மரபு; அதனால் நம் புனிதப் பயணிகள் தவறாமல் இங்கு வருகிறார்கள். மரியாள் எலிசபெத்தைக் காண வந்த ‘மலைநாடு’ இதுதான் என்றும் நம்புகிறார்கள். 1945இல் இங்கு 3,180 பேர் வாழ்ந்தார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாக. 1948இல் அவர்களும் போய்விட்டார்கள். வீடுகள் இடிக்கப்படவில்லை, வேறு மக்கள் குடியேறினார்கள், இன்று ஓவியர்களும் வசதி படைத்தோரும் வாழும் அழகான பகுதி. மரியாளின் ஊற்றுக்கு நேர் மேலே ஆளற்ற பள்ளிவாசலின் மினார் நிற்கிறது. நான் நின்ற நேரத்தில் வந்த மூன்று பயணக் குழுக்களில் எந்த வழிகாட்டியும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. லிஃப்தாவின் வீடுகளும் இதே கல், இதே கட்டுமானம். அவற்றுக்கு எதிர்காலமாகத் திட்டமிட்டவர்கள் மனத்தில் ஐன் கரீம்தான் இருந்திருக்கும்.

அந்தத் திட்டத்தின் கதை இது. லிஃப்தாவில் 212 சொகுசு வீடுகளும் விடுதியும் கடைகளும் கட்ட 2000களின் நடுவில் ஒப்புதல் தரப்பட்டது. 2011இல் நிலத்தை ஏலம் விட அறிவிப்பு வந்தது. லிஃப்தாவின் வழித்தோன்றல்களும் இஸ்ரேலிய மரபுக் கட்டடப் பாதுகாப்பு ஆர்வலர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம் ஏலத்தை ரத்து செய்தது. 2015இல் இஸ்ரேலே லிஃப்தாவை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ‘மரபான மலையூர்’ என்று சேர்த்தது. 2018இல் ஆபத்திலுள்ள இடங்களின் உலக நினைவுச்சின்னக் கண்காணிப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அப்படியிருந்தும் 2021 மே மாதம் மறுபடி ஏல அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைக்கப்பட்டது. வீடுகளைக் காக்க யூதரும் அரபியரும் ஒன்றாக நின்ற இந்தப் போராட்டம் எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. ஆயினும் பாதுகாக்கப்படும் பொருள் கல்லும் வளைவும் படித்தட்டு வயல்களும் என்று மட்டும் ஆவணங்களில் எழுதப்படும்போது, அவற்றைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு பக்கத்திலேயே இருப்பது விடுபட்டுப்போகிறது.

வியாழன்

பெத்லகேமிலிருந்து வாடகை வண்டியில் பத்தீர். லிஃப்தாவைப் புரிந்துகொள்ள இந்த உயிருள்ள ஊரைப் பார்த்தாக வேண்டும். இதே மலை, இதே படித்தட்டு வயல்கள், இதே போன்ற சுனை. மக்கள் மட்டும் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் அடியில் 1892இல் ஒட்டோமான் காலத்தில் போட்ட யாஃபா–ஜெருசலேம் இரயில் பாதை ஓடுகிறது. 1948இல் இங்கும் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். ஹசன் முஸ்தஃபா என்ற ஊர்க்காரரும் எஞ்சிய சிலரும் வெற்று வீடுகளில் துணி காயப்போட்டு, இரவில் விளக்கேற்றி, ஊர் நிறைய ஆள் இருப்பதாகக் காட்டினார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். 1949 போர்நிறுத்த உடன்பாட்டில் இரயில் பாதை இஸ்ரேலுக்குப் போயிற்று. அதற்கு ஈடாக, இரயிலுக்குத் தீங்கு செய்வதில்லை என்ற வாக்கின் பேரில், பாதைக்கு அப்பாலிருந்த தங்கள் வயல்களை பத்தீர்க்காரர்கள் தொடர்ந்து உழுதுகொள்ள அனுமதி கிடைத்தது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். 2014இல் இந்த வயல்கள் உலக மரபுச் சின்னமாயின.

சுனையிலிருந்து வரும் நீர் ஒரு தொட்டியில் தேங்கி, கல்வாய்க்கால்கள் வழியாகக் கத்தரிக்காய்ப் பாத்திகளுக்கு இறங்குகிறது. ஊரின் எட்டுக் குடும்ப வழியினருக்கு நாளுக்கு ஒருவராக நீர்முறை. அதனால் இவர்களுடைய பாசன வாரத்துக்கு எட்டு நாள். நான் போன நேரம் ஒருவர் வாய்க்காலின் மடையைக் கந்தல் துணியும் கல்லும் வைத்து அடைத்து, மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நம் ஆற்றுப் பாசன ஊர்களில் முறை வைத்துப் பாய்ச்சுகிறவர் செய்யும் வேலைதான். லிஃப்தாவின் சுனைநீரும் இப்படி வயலுக்கு வயல் பிரிந்திருந்த நீர். இன்று அது தொட்டியை நிறைத்துவிட்டு ஓடையில் வீணாகிறது.

பத்தீர்க்காரர்கள் துணிந்தார்கள், லிஃப்தாக்காரர்கள் துணியவில்லை என்று ஒப்பிடுவது தவறு. பத்தீரில் இருதரப்புக்கும் பயன்படும் ஒரு உடன்பாட்டுக்கு இடம் இருந்தது; ஜெருசலேமின் நுழைவாயிலில் இருந்த ஊருக்கு அப்படி எதுவும் முன்வைக்கப்படவில்லை.

ஐன் கரீமுக்கு வரும் தமிழ்ப் பயணக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கிருந்து லிஃப்தாவுக்கு வண்டியில் அரைமணி நேரம்கூட ஆகாது. லிஃப்தாவின் வழித்தோன்றல்கள் சிலர் தாங்களே பார்வையாளர்களை அழைத்துச் சென்று வீடு வீடாகக் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரோடு போங்கள். இறங்கும் பாதை செங்குத்து, மழைக்குப் பின் வழுக்கும்; முதியோர் கைத்தடியும் நல்ல காலணியும் இன்றி இறங்க வேண்டாம். வீடுகளுக்குள் மேல்தளங்களில் நடக்கும்போது கூரைத் துளைகளுக்கு நேர்கீழே நிற்காதீர்கள், கல் தளர்ந்திருக்கிறது. வெள்ளி பிற்பகலிலிருந்து சனி மாலை வரை நகரப் பேருந்துகள் ஓடாது என்பதால் வார நாளில் செல்வது நல்லது.